நீலியின் வலப்பக்கத்து இருக்கை

"அந்த மனிசி கடைசியில் காரில் ஏறுவாவோ, மாட்டாவோ?" என்று கேட்டு இந்தத் தொடரின் வாசகர்கள் மூன்று பேர் கடிதம் போட்டுவிட்டார்கள். வெம்பிளியிலிருந்து எழுதிய ஒருவர், ஏறாவிட்டால் பத்திரிகை வாங்குவதையே நிறுத்திவிடுவேன் என்று வெருட்டியும் இருக்கிறார். என்னை ஏன் வெருட்டுகிறீர்கள் ஐயா? ஏறமாட்டேன் என்று நிற்பது நானா?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. மோர்டனில் இருக்கும் பத்மநாதனிடம் ஒரு கார் இருக்கிறது. அறுபத்தாறாம் ஆண்டு அமெரிக்க மஸ்டாங். நீண்ட மூக்கு, பெரிய எஞ்சின், கடல் நீலம், ஸ்டியரிங் இடப்பக்கம். கொழும்பில் கிளாக்கராக இருந்த காலத்தில், காலிமுகத்திடலில் நின்ற இதே மாதிரி ஒரு காரைத் தொட்டுப் பார்த்து, அதன் டிரைவரிடம் பேச்சு வாங்கியவர் பத்மநாதன். இருபது வருஷம் கழித்து, மோர்டன் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், குறொய்டனில் ஒரு பழைய கார் யார்டில் அது கறள் பிடித்துக் கிடப்பதைக் கண்டால் விடுவாரா?

மனைவி கனகாம்பிகை அந்தக் காருக்கு வைத்த பெயர் நீலி. எண்பத்தெட்டாம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது நீலி பிரேக் பிடிக்காமல் ஒரு மதிலில் போய் மோதியது. கனகாம்பிகையின் காறை எலும்பு முறிந்தது. "இனி உந்தக் கோதாரியிலை என்ரை கால் படாது" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னவர், ஆறு வருஷமாகச் சொன்ன சொல்லில் நிற்கிறார். கராஜ் வாசலைக்கூடத் தாண்டுவதில்லை.

மகள் சிவகௌரி ஒரு பஸ் கராஜில் மெக்கானிக். "பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்ன வேலை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் முன்பே பதில் சொல்லிவிட்டாள். பெப்ரவரியில் ஒரு பட்டியல் எழுதிக் கராஜ் சுவரில் மாட்டி, நீலியைத் திருத்தத் தொடங்கினாள். போன வெள்ளிக்கிழமை, கார் றோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் எம்.ஓ.ரி. சோதனையும் பாஸ்.

இவ்வளவு அவசரம் எதற்கு? வருகிற புதன்கிழமை மகன் குருமூர்த்தி ரொறன்ரோவிலிருந்து வருகிறான். தாய் அவனைக் கண்டு எட்டு வருஷம். நாலு பேரும் ஒன்றாக நீலியில் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரவேண்டும் என்பது பத்மநாதனின் ஆசை. "நான் டியூப் ரெயினிலை வந்து டியூபிலையே போவன்" என்பது கனகாம்பிகையின் முடிவு. எட்டு வருஷம் காணாத பிள்ளையைக் கண்டுவிட்டு, அவன் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் என்று பிரிந்து வீட்டுக்குப் போவதா? இதுதான் வழக்கு.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இடையில் இரண்டே நாள்.

காலை ஒன்பது மணிக்கே கௌரி கராஜுக்குள் போய்விட்டாள். பதினொரு திருத்தத்தில் ஒன்பதுக்கு நேரே சரி போட்டாயிற்று. முன் விளக்குகள் இரண்டும் அமெரிக்க றோட்டுக்கு ஏற்ற மாதிரிப் பிழையான பக்கம் சாய்ந்து எதிரே வருபவனின் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தன, மாற்றிவிட்டாள். வெடித்துப்போயிருந்த பெற்றோல் குழாயை மாற்றினாள். நாலு டயரும் புதிது. மிச்சம் இரண்டு வேலைதான். முன் இருக்கைகளுக்குத் தோள் பெல்ட். டிரைவரின் காலடி விரிப்பு நழுவாமல் இறுக்குவது.

தோள் பெல்ட்டில்தான் அவளுக்கு அதிக மினக்கேடு. பழைய காரில் இடுப்புக்கு மட்டும்தான் பெல்ட் இருந்தது. மோதியபோது இடுப்பு நின்றது, உடம்பு முன்னால் போய் டாஷ்போட்டில் அடிபட்டது. அம்மாவின் எலும்பு முறிந்தது அப்படித்தான். இரண்டு சனி ஞாயிறு செலவழித்துத் காரின் கதவோரத் தூணுக்கு உள்பக்கம் இரும்புத் தகடு ஒட்டியிருந்தாள். இன்றைக்கு அதில் போல்ட் போட்டு இறுக்கி, பெல்ட்டைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"பிள்ளை, தேத்தண்ணி."

கனகாம்பிகை வாசலில் நின்றார். கால் இரண்டும் வெளியே. கை மட்டும் உள்ளே நீண்டது. இப்படி நின்று நீட்டி நீட்டி அவருக்கு நல்ல பழக்கம்.

"உள்ளுக்கு வாங்கோவன் அம்மா."

"இஞ்சை நிண்டாலே எல்லாம் தெரியுது. மெய்யே பிள்ளை, உந்த நீலி இனியாவது நிக்குமோ?"

"வடிவா நிக்கும். முந்தி ஒரே பைப்பாலைதான் நாலு சில்லுக்கும் பிரேக் எண்ணெய் போனது. அது ஒழுகினால் நாலும் போச்சு. இப்ப முன்னுக்கு ஒரு பைப், பின்னுக்கு ஒரு பைப். ஒண்டு பிழைச்சாலும் மற்றது பிடிக்கும். முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் வேறை போட்டிருக்கிறன்."

"வாயாலை எல்லாரும் சொல்லுவினம். 'எல்லாம் பாத்தாச்சு, ஏறும்' எண்டு உன்ரை கொப்பரும்தான் அண்டைக்குச் சொன்னவர்."

கௌரி தேத்தண்ணியைக் குடித்தாள். தாய் போகவில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

"பழசிலை எது பழுதாப் போனது? அதைக் காட்டு. அதுக்குப் பதிலா நீ என்ன போட்டிருக்கிறாய்? அதையும் காட்டு. ரெண்டையும் பாத்துப்போட்டு யோசிச்சுச் சொல்லுறன்."

கௌரிக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. ஆறு வருஷமாக "மாட்டன்" என்ற வாயிலிருந்து "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வந்துவிட்டதே!

"ஒரு மணித்தியாலம் தாங்கோ அம்மா. கழுவித் துடைச்சு மேசையிலை வைக்கிறன்."

"நான் பருப்பை அடுப்பிலை வைச்சுப்போட்டு வாறன்."

பெப்ரவரியில் கழற்றிய பழைய பிரேக் சாமான்கள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் கிடந்தன. எல்லாம் மாற்றப்போகிற சாமான்தானே என்று அப்போது அவள் ஒன்றையும் சோதிக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றாகக் கழுவிப் பேப்பரில் பரப்பினாள். உடைந்த துண்டு எது, வெடித்த குழாய் எது என்று சீட்டியடித்துக்கொண்டுதான் தேடினாள்.

கொஞ்ச நேரத்தில் சீட்டி நின்றுவிட்டது.

வெளியே கறள்தான். ஆறு வருஷம் நின்ற கார் வேறு எப்படி இருக்கும்? ஆனால் உள்ளே இருந்த ரப்பர் வளையங்களுக்கு ஒரு கேடும் இல்லை. குழாயில் பொட்டு ஓட்டை இல்லை. பிரேக் கட்டைகள் இன்னும் இரண்டு வருஷம் ஓடக்கூடியவை. போதாததற்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கழற்றின அன்றைக்குப் பிரேக் எண்ணெய்க் குப்பி நிறைந்திருந்தது. குழாய் வெடித்த காருக்குள் எண்ணெய் எங்கேயிருந்து வரும்? இது இவ்வளவு நாளும் என்ரை மண்டையிலை ஏறேல்லையே என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

பழைய வேட்டித் துண்டால் நீலியின் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார் பத்மநாதன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு அதுதான் பூசை.

"அப்பா, இஞ்சை ஒருக்கா வாங்கோ."

வந்தார். பேப்பரில் பரப்பியிருந்ததைப் பார்த்தார். "உது பழசு பிள்ளை. எறி."

"எறிய ஏலாது. பழுதானதைக் காட்டச் சொல்லி அம்மா கேட்டவ. பாத்தால் ஒண்டும் பழுதில்லை. இது நல்ல பிரேக்."

"அண்டைக்குப் பிடிக்கேல்லை."

"சரி, எப்பிடிப் பிடிக்கேல்லை? மிதிக்கப் பெடல் கீழை போச்சோ, போகேல்லையோ?"

எண்ணெய் ஒழுகிய காரில் பெடல் அப்படியே கீழே போய்விடும். எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்கிற கேள்வி அது. பத்மநாதன் மெக்கானிக் இல்லை. அதனால் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"போகேல்லை" என்றார். "கல்லு மாதிரி நிண்டது."

கௌரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வேட்டித் துண்டை இரண்டு தரம் மடித்தார், விரித்தார். பிறகு சுவர்த் தட்டுக்குப் போய், ஆணியும் திருகாணியும் போட்டு வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்து வந்து, உள்ளே இருந்ததை மேசையில் கொட்டினார். இந்தச் சிரட்டையிலிருந்து கௌரி நூறு தரமாவது திருகாணி எடுத்திருப்பாள்.

வெறும் சிரட்டையை நீட்டி, "இதுதான் பிள்ளை" என்றார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம் அது. குருமூர்த்தியைக் கொழும்பிலிருந்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்ட் கூட்டிக்கொண்டு போய் எட்டு வாரம். எந்த நாட்டில் நிற்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று ஒரு தகவலும் இல்லை. கனகாம்பிகை வெள்ளிக்கு வெள்ளி அவன் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்துகொண்டிருந்தார். அன்றைக்கும் செய்து, அருச்சனைத் தட்டத்தைக் காலடியில் வைக்கக்கூடாதென்று டாஷ்போட்டின் மேல் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். சிக்னலில் கார் வலப்பக்கம் திரும்பியது. தேங்காய்ப் பாதி ஒன்று இடப்பக்கம் உருண்டு டிரைவரின் காலடியில் விழுந்து, பிரேக் பெடலுக்குப் பின்னால் போய் இறுகிக்கொண்டது.

"நான் மிதிக்க மிதிக்கப் பெடல் போகேல்லை. பிறகு மதில்."

"அதை ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"அம்புலன்சிலை கொம்மா தன்ரை முறிஞ்ச எலும்பைப் பற்றிக் கேக்கேல்லை பிள்ளை. 'அருச்சனைத் தேங்காய் எங்கை?' எண்டுதான் கேட்டவ. அது என்ரை கோட்டுப் பைக்குள்ளை கிடந்தது. நான் என்னத்தைச் சொல்ல? பெடியன்ரை பேரிலை உடைச்ச தேங்காய்தான் காரை மோத வைச்சது எண்டு தெரிஞ்சிருந்தால், அவன் செத்துப்போனான் எண்டே முடிவு கட்டியிருப்பா. 'பிரேக் பிழைச்சுப்போச்சு, நான் பாக்காமல் விட்டிட்டன்' எண்டன்."

"ஐஞ்சு மாதம் கழிச்சு அண்ணை ரொறன்ரோவிலை இருந்து போன் எடுத்தவர்தானே?" என்று கேட்டாள் கௌரி. " அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"ஒரு பொய் ஐஞ்சு மாதம் வீட்டிலை இருந்தால், அதுக்கும் அரிசிக் கூப்பன் மட்டையிலை பேர் பதிஞ்ச மாதிரித்தான். பிறகு எழுப்பி அனுப்ப ஏலாது."

அப்பாவை அதட்டுவதா, கட்டிப் பிடிப்பதா என்று கௌரிக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம்! எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், "என்ரை மனுசன் பிரேக் பாக்காமல் கார் ஓடின ஆள்" என்று அம்மா தொடங்குவதும், அப்பா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு கேட்பதும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"கொம்மாவுக்குச் சொல்லப் போறியோ?"

"நான் சொல்லமாட்டன். அது உங்கடை வாயாலை வரவேண்டியது. ஆனால் நல்ல சாமானைக் காட்டி இது உடைஞ்சது எண்டும் சொல்லமாட்டன் அப்பா. பிழையைப் பிழை எண்டும் சரியைச் சரி எண்டும் எழுதிக் கையெழுத்து வைக்கிறதுதான் என்ரை வேலை."

வாசலில் நிழல் விழுந்தது. கனகாம்பிகை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். இந்த முறையும் கால் வெளியேதான்.

"எங்கை, காட்டு பாப்பம்."

கௌரி மேசையை விட்டு விலகி நின்றாள். தகப்பனைப் பார்த்தாள். பத்மநாதன் சிரட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். டிக்கெட் கவுண்டரில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேரோடு கதைக்கிற மனிதருக்கு, மனைவிக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"இஞ்சாரும். அண்டைக்குப் பிரேக் பிழைக்கேல்லை" என்று தொடங்கி, ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தார்.

கனகாம்பிகை சிரட்டையை வாங்கினார். விளிம்பில் ஒரு இடம் நசிந்து இரும்புக் கறள் பிடித்திருந்தது. அதைப் பெருவிரலால் தடவினார்.

"இது மூர்த்தியின்ரை பேரிலை உடைச்சதோ?"

"ஓம்."

"அருச்சனைத் தேங்காய்க்குள்ளையோ இவ்வளவு நாளும் ஆணி போட்டு வைச்சிருந்தனீங்கள்?"

கௌரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். ஏனென்றால் அதற்குள் அம்மாவின் முகம் சிவந்து வந்தது.

"ஆறு வருஷம்! மழையிலையும் பனியிலையும் தொண்ணூற்றிமூண்டாம் நம்பர் பஸ்ஸுக்கு நிண்டன். சிநேகிதி தவநாயகிக்குச் சொன்னன், டொலறஸுக்குச் சொன்னன், ஊர் முழுக்கச் சொன்னன், என்ரை மனுசன் கவலையீனம் பிடிச்ச ஆள் எண்டு. நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள். உங்களுக்கென்ன விசரே?"

"என்னைப் பேசினால் உமக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்தது."

"வாயை மூடுங்கோ!"

சொல்லிவிட்டுக் கனகாம்பிகை அழுதார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த வாசலிலேயே நின்று அழுதார். பத்மநாதன் கையை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றார். பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். கௌரி அவனுக்குக் கை காட்டி, ஒன்றுமில்லை, வெட்டு என்றாள்.

அழுகை நின்றது. மூக்கைத் துடைத்தார். பிறகு இந்த மனிசியின் உண்மையான குணம் வெளியே வந்தது.

"நான் நம்பமாட்டன். நான் தட்டத்தை வடிவாப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். அவ்வளவு தூரம் உருளாது."

"உருண்டது."

"உருளாது!"

விடுவிடென்று வீட்டுக்குள் போனார். குசினியில் கத்தியின் முதுகால் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. கறிக்கு வைத்திருந்த தேங்காய். பாதித் தேங்காயை ஒரு தட்டத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தவர், வாசலைத் தாண்டினார், கௌரியைத் தாண்டினார், நீலியின் வலப்பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே ஏறி இருந்தார்.

கௌரியும் தகப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன முழுசிக்கொண்டு நிக்கிறியள்? வந்து ஓட்டுங்கோ. அண்டைக்குத் திரும்பின மாதிரி வலப்பக்கம் திருப்புங்கோ. உருளுதோ எண்டு நானும் பாக்கிறன்."

கௌரி மெல்ல அந்தப் பக்கம் போனாள். புதுப் பெல்ட்டை இழுத்து, அம்மாவின் தோளுக்கு மேலாகக் கொண்டுவந்து பூட்டினாள். டக் என்றது.

"சும்மா இரு பிள்ளை, தட்டம் சரியுது."

"ஓம் அம்மா, முடிஞ்சுது. அப்பா, நடக்கிற வேகத்துக்கு மேலை போகக்கூடாது. ஒரு கை கைப்பிரேக்கிலை இருக்க வேணும். விளங்குதோ?" என்று சொல்லிவிட்டுப் பின் இருக்கையில் ஏறினாள்.

அவர்களுடைய தெரு ஒரு முட்டுச் சந்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது. நீலி உறுமிக்கொண்டு வெளியே வந்ததும் பூனை எழும்பி ஓடியது. பத்மநாதன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார்.

கனகாம்பிகை தட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். தட்டம் அசையவில்லை. தேங்காய் அசைந்தது. விளிம்பில் ஏறிக் கவிழ்ந்து, வழவழத்த டாஷ்போட்டில் இடப்பக்கமாக உருண்டு, பத்மநாதனின் முழங்காலில் பட்டுக் கீழே விழுந்தது. விழுந்த இடம் பெடலுக்கு அரையடி தூரம்.

பத்மநாதன் கைப்பிரேக்கை இழுத்தார். நீலி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. கனகாம்பிகையின் உடம்பு முன்னால் போகப் பார்த்தது. போகவில்லை. தோளில் ஏதோ பிடித்தது.

அவர் குனிந்து பார்த்தார். முறிந்து பொருந்திய காறை எலும்புக்கு மேலாகப் பெல்ட் ஓடியது. அதைத் தொட்டார். பிறகு கதவைப் பார்த்தார், கண்ணாடிக்கு வெளியே தெரிந்த தெருவைப் பார்த்தார்.

"ஐயோ, நான் காருக்குள்ளை!"

"ஓம்" என்றார் பத்மநாதன்.

எஞ்சின் மட்டும் குறுகுறு என்று ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தானே வைச்சனான்" என்றார் கனகாம்பிகை. "பிள்ளையாருக்கு என்னிலை கோவம் எண்டு நினைச்சுப்போடுவன் எண்டோ சொல்லாமல் விட்டனீங்கள்?"

"அப்பிடித்தான்."

"அப்ப அப்பிடித்தான் நினைச்சிருப்பன். சத்தியமா நினைச்சிருப்பன். இப்ப நினைக்கேல்லை. அவர் என்ன செய்வார்? பிள்ளையைப் பத்திரமாக் கொண்டுபோய்க் கரை சேர்த்துவிட்டவர். தேங்காய் வைச்ச இடம்தான் பிழை." கணவரின் கையை எட்டி ஒரு அடி அடித்தார். அடித்த கையை எடுக்கவில்லை. "இனி எனக்கு இப்பிடி ஒண்டும் ஒளிக்கக்கூடாது."

"இல்லை."

"சரி, வீட்டை விடுங்கோ. பருப்பு அடிப்பிடிக்கப் போகுது."

ஆறு வருஷத்துக்குப் பிறகு கனகாம்பிகை நீலியில் போன தூரம் நூறு கஜம் இருக்கும். பருப்பு அடிப்பிடித்துத்தான் இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

சாப்பிட முன்னம் கனகாம்பிகை கராஜுக்குப் போனார். உள்ளே போனார் என்று தனியாகச் சொல்லவேண்டும். கௌரியின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, பட்டியலின் அடியில் எழுதினார்: '12. அருச்சனைத் தட்டம் வைக்க மூடியுள்ள பெட்டி. உருளக் கூடாது.'

"இது நல்ல திருத்தம்" என்றாள் கௌரி. "நான் பதினொண்டு எழுதினன், அண்டைக்கு நடந்ததுக்கு மருந்து ஒண்டிலையும் இல்லை."

"அந்தப் பெல்ட் இருந்ததுதானே" என்றார் தாய். "அது என்னைப் பிடிச்சது."

கௌரி அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். கிறீஸ் கையால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு.

"அப்ப புதன்கிழமை?" பத்மநாதன் மெதுவாகத்தான் கேட்டார்.

"பொறுங்கோ. இது தேங்காய்க்காக ஏறினது. ஹீத்ரோ வேறை கதை. பெரிய றோட்டு, பெரிய லொறி. நெஞ்சு இன்னும் படபடக்குது." பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். "பாப்பம்."

வீட்டுக்குள் போன் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு எடுப்பவன் குருமூர்த்தி ஒருவன்தான். கனகாம்பிகை ஓடிப் போய் எடுத்தார்.

"அம்மா, புதன்கிழமை அப்பாவின்ரை காரிலையோ வாறியள்?"

"ஏன் ராசா கேக்கிறாய்?"

"பின் சீட்டிலை பெல்ட் இருக்கோ?"

"இருக்கு. தங்கச்சி போட்டவள். வளந்த ஆம்பிளை, உனக்கென்ன பயம்?"

மற்றப் பக்கத்தில், தொலைவில் எங்கேயோ ஒரு பொம்மை கிலுங்கியது போல இருந்தது.

"எனக்கில்லை அம்மா. ரெண்டு வயசுப் பிள்ளையை இருத்துற சீட் அதிலை கட்ட ஏலுமோ எண்டு தங்கச்சியிட்டைக் கேளுங்கோ."

"ஆரின்ரை பிள்ளை மூர்த்தி?"

"நேரிலை சொல்லுறன் அம்மா. போனிலை சொல்ல ஏலாது. கோவிக்காதேங்கோ என்ன?"

போனை வைத்துவிட்டான்.

கனகாம்பிகை றிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு அதை அதன் இடத்தில் வைத்தார். கராஜுக்கு நடந்தார். வாசலைப் பார்க்கவே இல்லை. மறுபடியும் கௌரியின் காதிலிருந்து பென்சிலை எடுத்து எழுதினார்: '13. பின் சீட். ரெண்டு வயசு.'

பத்மநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "ஆர் ரெண்டு வயசு?"

"எனக்கும் தெரியாது. மூர்த்தி கூட்டிக்கொண்டு வாறானாம்."

"தாயும் வாறாவோ?"

"அது சொல்லேல்லை."

கௌரி முதலில் வாயைப் பிளந்தாள். பிறகு அவளுக்குள் இருந்த மெக்கானிக் முழித்துக்கொண்டாள். நீலியின் பின் கதவில்லாத உடம்பையும், ஒடுக்கமான பின் இருக்கையையும் பார்த்தாள்.

"சீட் கட்டலாம். அதுக்குப் பக்கத்திலை அண்ணை இருக்கலாம். அவ்வளவுதான் இடம். முன்னுக்கு அப்பா ஒராள். அப்ப, நான் வலப்பக்கத்து முன் சீட்டிலையோ?"

"நீ டியூபிலை வா" என்றார் கனகாம்பிகை. "லெஸ்ரர் ஸ்குவெயரிலை ரெயின் மாற வேணும், மறந்துபோகாதை."

பிறகு கணவரின் பக்கம் திரும்பினார். அழுத கண் இன்னும் காயவில்லை. ஆனால் முகம் வேறு முகமாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, முன் சீட்டிலை நான் இருக்கிறன். பின்னுக்கு ஆர் இருக்கினம் எண்டு வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பாக்க வேணும்."